சாதுல்லாவின் இடுப்பு

குதிரையேறுகிறவர்களுக்குச் சிகிச்சை தருகிறவர் தானும் குதிரையேறியிருக்க வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் ஒரு விதி. எந்தப் புண்ணியவான் மண்டையில் உதித்ததோ. அப்படியென்றால் பிரசவம் பார்க்கிற ஆண் டாக்டர்கள் எல்லாம் என்ன செய்வார்களாம் என்று முதல் நாள் வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். விதி அப்படியேதான் இருந்தது.

அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். பிசியோதெரபி படித்துவிட்டுப் பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை தூக்க முடியாத தோள், மடக்க முடியாத முழங்கால், வாதத்தில் விழுந்த கை. பாவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சலித்துப்போய்விட்டது. அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து பார்த்தசாரதி என்ற டாக்டர் ஒரு புதுப் பயிற்சி தொடங்கினார். குதிரை ஓட்டுகிறவர்களின் உடம்புக்கென்று தனிச் சிகிச்சை. அடிபட்டால் சரிசெய்வது மட்டுமில்லை, நன்றாக இருக்கிறவரை இன்னும் நன்றாக ஓட்ட வைப்பதும் அதில் சேர்த்தி. பயிற்சிக்கு வருகிறவர்களை ஆளுக்கொரு லாயத்தில் சேர்த்துவிடுவார்கள். அங்கே சவாரி கற்றுக்கொள்ள வேண்டும். அடிபட்ட ஓட்டுநர் ஒருவரைக் கட்டிலிலிருந்து மறுபடி சேணம் வரை கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் சான்றிதழ்.

எங்கள் அப்பா ஆவடி டாங்கி பேக்டரியில் மெஷினிஸ்ட். குவார்ட்டர்ஸ் முழுக்க ஊர் ஊராக வந்த குடும்பங்கள். ஒருத்தர் வீட்டில் தும்மினால் அடுத்த பிளாக்கில் ஆயுசு நூறு என்பார்கள். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் காலைப் பரப்பிக் குதிரை மேல் உட்கார்ந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று அம்மா அழுதாள். அந்த நாலு பேருக்கும் முதுகு பிடித்தால் என்னிடம்தானே வருகிறார்கள், அப்போது பேசிக்கொள்கிறேன் என்றேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அது அவருடைய சம்மதம்.

எனக்குக் கிடைத்த லாயம் சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ஹைவேயை ஒட்டி, லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால். இருபது குதிரைகள் இருக்கும். நடுவில் மணல் கொட்டிய மைதானம், அதில் குதிரைகள் தாண்டிப் பழகக் குறுக்கே கட்டைகள். முதலாளி சிட்டியில் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது கஜபதி என்ற மேனேஜர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். குதிரையிடம் எப்படிப் பேசுவாரோ அதே குரலில்தான் மனிதர்களிடமும் பேசுவார், அவ்வளவுதான்.

நான் பார்க்க வேண்டிய ஆள் சாதுல்லா. முப்பது வயது. பூந்தமல்லியில் அவர்கள் குடும்பத்துக்குப் பெல்ட், பர்ஸ் விற்கிற கடை இருந்தது. இவர் சின்ன வயதிலேயே கடையை விட்டுவிட்டுக் குதிரை பின்னால் போனவர். லாயத்து ஆபீஸ் அலமாரியில் இருந்த கோப்பைகளில் பாதி அவர் கட்டை தாண்டி வாங்கிக் கொடுத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் பயிற்சியின்போது பிஜ்லி என்ற பெண் குதிரைக்குக் கால் கட்டையில் தட்டி, குதிரையும் அவருமாகச் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள். குதிரை எழுந்து நின்றுவிட்டது. இவருக்கு இடுப்பெலும்பில் விரிசல், இடது உள்தொடைச் சதையில் கிழிசல். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சதை எனக்கு.

உள்தொடை என்றால் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குதிரை ஓட்டுகிறவருக்குச் சோறு போடுவதே அதுதான். இரண்டு தொடையும் குதிரையின் இரண்டு பக்கமும் தளர்வாகத் தொங்க வேண்டும். அப்போதுதான் உடம்பு சேணத்தில் ஆழமாக உட்காரும், குதிரை சொன்னதைக் கேட்கும். தொடை இறுகினால் ஆள் மேலே எழும்பிவிடுவார், குதிரையோ ஓடச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஓடும். அடிபட்ட சதை தானாகவே இறுகும். அதைத் தினமும் இழுத்துவிட்டு, அமுக்கிவிட்டு, இளக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். லாயத்துக்குள்ளேயே ஓட்டுநருக்கென்று கொடுத்திருந்த ஓட்டு வீடு. இரண்டு அறை, வாசலில் ஒரு முருங்கை. அவர் மனைவி ராபியா டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் பாயை விரித்து, படுங்கள், லுங்கியைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள் என்றேன். மனிதர் இரண்டு கையாலும் லுங்கியைப் பிடித்துக்கொண்டார். நான் டாக்டர் மாதிரி என்றேன். அக்கா தங்கை மாதிரி என்றேன். உங்கள் தொடையைப் பார்க்க எனக்கொன்றும் ஆசையில்லை என்றும் சொல்லிவிட்டேன். அசையவில்லை.

"நீங்க டாக்டர்தான் மேடம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அங்க கை வைக்க வேணாம்," என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றைக்கும் வந்தது. அந்தப் பக்கத்தில் ஆண் பிசியோ யாரும் கிடையாது. வாசலுக்கு வந்து முருங்கை மரத்தடியில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ராபியா டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தான் செய்தால் ஆகாதா என்று மெதுவாகக் கேட்டாள். ஏன் ஆகாது? பார்த்தசாரதிக்குப் போன் செய்தேன். வீட்டு ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான், ஆனால் பொறுப்பு உன்னுடையது என்றார்.

இப்படித்தான் பயிற்சிக்குப் போன நான் பயிற்சி கொடுக்கிறவளாக ஆனேன். உள் அறையில் திரையை இழுத்துவிட்டு நான் பாயில் படுப்பேன். ராபியா என் தொடையில் கை வைத்துப் பழகுவாள். பிறகு அவள் படுப்பாள், நான் காட்டுவேன். எலும்பு எங்கே ஆரம்பிக்கிறது, சதை எங்கே பிடித்திருக்கிறது, எவ்வளவு அமுக்கினால் இளகும், எவ்வளவு அமுக்கினால் முறைத்துக்கொள்ளும் எல்லாம் சொன்னேன். அந்தப் பெண்ணின் கைக்கு ஒரு தடவை சொன்னால் போதும். நாலு வருஷம் காலேஜில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை கிடையாது. சாதுல்லா வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, உள்ளே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்னேற்றத்தைப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பாயில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்காலையும் சேர்த்து வைத்தால் முழங்கால்கள் இரண்டு பக்கமும் தாழும். உள்தொடை இளக இளக முழங்கால் தரைக்குப் பக்கத்தில் போகும். சாதுல்லா பேன்ட் போட்டுக்கொண்டே இதைச் செய்யலாம் என்பதால் என் எதிரிலேயே உட்கார்ந்தார். முழங்காலுக்கும் பாய்க்கும் நடுவில் ராபியா கையை விரித்து வைத்துப் பார்ப்பாள். முதலில் ஒரு சாணுக்கு மேல் இருந்தது. வாரம் போகப்போகக் குறைந்தது. ஒரு சாண் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மாதம் போயிற்று, அதே ஒரு சாண். எனக்குத் தூக்கம் போயிற்று.

தூக்கம் போனதற்குக் காரணம் என் சான்றிதழ் மட்டுமில்லை. ஜூலையில் பெங்களூரில் பெரிய போட்டி. அதற்கு முன்னால் ஒரு நாள் சாதுல்லாவைப் பிஜ்லி மேல் ஏற்றிப் பார்ப்பதென்றும், தேறவில்லையென்றால் பெங்களூரிலிருந்து வேறு ஆள் எடுப்பதென்றும் கஜபதி சொல்லியிருந்தார். லாயத்தில் ஓட்டுநருக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். வேறு ஆள் வந்தால் வீடும் அவனுக்குத்தான். சாதுல்லா வாப்பாவோடு சண்டை போட்டுக் கடையை விட்டு வந்தவர். அங்கே திரும்பிப் போய் நிற்பதைவிட ரோட்டில் நிற்கலாம் என்று அவரே சொல்வார்.

ஒரு நாள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து ராபியாவைப் பிடித்துக்கொண்டேன். தினமும் செய்கிறாயா என்று நேராகவே கேட்டேன்.

"தெனமும் இல்லக்கா. அப்பப்ப உட்டுடறேன். வேலை கீதுல்ல," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்ததே கோபம். உன் புருஷனுடைய பிழைப்பு, உன் தலைக்கு மேல் இருக்கிற ஓடு, இதைவிட உனக்கு என்னடி பெரிய வேலை என்று கத்திவிட்டேன். சரி, எந்த அளவுக்கு மறந்திருக்கிறாள் பார்ப்போம் என்று பாயில் படுத்து, என் காலில் செய்து காட்டச் சொன்னேன். செய்தாள். அது விட்டுவிட்டுச் செய்கிற கை இல்லை. தினமும் காலையும் மாலையும் செய்து செய்து, சதை எங்கே என்று தேடாமல் நேரே போய் உட்காருகிற கை.

செய்யாத வேலையைச் செய்தேன் என்று பொய் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் நர்சிங் ஹோமுக்கு வருகிறவர்கள் எல்லோருமே அந்த ஜாதிதான். செய்கிற வேலையைச் செய்யவில்லை என்று பொய் சொன்ன பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏன் என்று பஸ்ஸில் ஆவடி வரும் வரை யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் என் சவாரிப் பாடமும் நடந்துகொண்டிருந்தது. குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற துலுக்கானம்தான் வாத்தியார். கிழட்டுக் குதிரை ஒன்றின் மேல் என்னை ஏற்றி, நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். குதிரை அவரைச் சுற்றிச் சுற்றி வரும். அந்தக் குதிரைக்கு என்னைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. நானும் ராஜகுமாரி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் அவர், கால் வைக்கிற வளையத்தை எடுத்துவிடலாம், அப்போதுதான் உட்கார வரும் என்றார். எடுத்தார். குதிரை லேசாக ஓட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து ஹைவேயில் ஒரு லாரிக்காரன் ஏர் ஹாரனை அடித்தான்.

குதிரை ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரு துள்ளல், அவ்வளவுதான். ஆனால் என் இரண்டு தொடையும் என்னைக் கேட்காமலேயே போய் அதன் விலாவைக் கவ்விக்கொண்டன. கவ்வக் கவ்வக் குதிரை வேகமாக ஓடியது. ஓட ஓட நான் இன்னும் கவ்வினேன். "காலை உடும்மா, காலை உடு," என்று துலுக்கானம் கத்துகிறார். விட வேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. அதைப் பற்றி நாலு வருஷம் படித்துப் பாஸ் செய்தவள் நான். தொடை கேட்க வேண்டுமே. கடைசியில் அவர் கயிற்றை இழுத்து நிறுத்தி, என்னை மூட்டை மாதிரி இறக்கிவைத்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் உட்கார்ந்து போகிறேன். வழக்கம் போல எங்கேயோ யோசனை. பஸ் சென்னீர்குப்பத்தை நெருங்கி, லாரி ஷெட்டுகள் கண்ணில் பட்டதும் என் இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. கையை வைத்துப் பார்த்தேன். உள்தொடை கல்லாக இருந்தது. குதிரையும் இல்லை, சேணமும் இல்லை, பஸ் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அட, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஸ்டாப் தாண்டிவிட்டதா என்று கேட்டாள்.

அன்றைக்கே சாதுல்லா வீட்டில் போய், அடுத்த முறை பூந்தமல்லிக்கு வந்துவிடுங்கள், நர்சிங் ஹோமில் ஒரு மெஷின் வைக்க வேண்டும் என்று சொன்னேன். மெஷினும் இல்லை, மண்ணும் இல்லை. வந்தார்கள். பேன் போட்ட அறையில் உட்கார வைத்து, உங்கள் கடைத் தெருவில் எந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்று கேட்டேன். மனிதருக்கு அந்த விஷயத்தில் நிறையச் சொல்ல இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்காலைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். வைத்தார். முழங்கால் இரண்டும் பாயைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. ராபியா கையை வைத்துப் பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரியும்.

மறுநாள் லாயத்து வீட்டில் அதே பாய், அதே ஆள், அதே கால். வெளியே பிஜ்லியைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண்.

"உங்க இடுப்பு சரியாகி எவ்வளவோ நாளாச்சு," என்றேன். "சதையும் சரியாயிடுச்சு. இந்தக் காம்பவுண்டுக்குள்ள வந்தா மட்டும்தான் இறுகுது. எனக்கும் அன்னிக்கு பஸ்ல வர்றப்பவே இறுகிச்சு. அதனால என்கிட்ட மறைக்க வேணாம்."

ராபியா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் சாதுல்லா சொல்ல ஆரம்பித்தார். விழுந்த நாளிலிருந்தே பயமாம். கண்ணை மூடினால் பிஜ்லியின் வயிறு மேலே வந்து இறங்குகிறதாம். மைதானத்துக்குப் போனால் கட்டையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாராம். பயப்படுகிற ஓட்டுநர் என்று ஒருத்தன் உலகத்தில் கிடையாது, பயம் வந்த அன்றைக்கே அவன் ஓட்டுநர் இல்லை என்றார்.

"இடுப்பு தேறலன்னு நீங்க சொல்லிடுங்க மேடம்," என்றார். "உடம்பு போச்சுன்னா பாவம்னுவாங்க. வாப்பா கூட கடைல குந்திக்கன்னு சொல்லிடுவாரு. பயம்னா சிரிப்பாங்க. செத்தாலும் அந்தச் சிரிப்பு போவாது."

தேறின இடுப்பைத் தேறவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? அதைச் சொன்னால் என் சான்றிதழும் போகும். அது போனால் போகட்டும். தேறிவிட்டது என்று சொன்னாலோ இவரைக் கட்டை தாண்ட ஏற்றுவார்கள். தொடை கவ்வும், குதிரை தறிகெட்டு ஓடும், இந்தத் தடவை கழுத்து முறியும். நான் பொய் சொல்லமாட்டேன் என்றேன். பயம் என்ற வார்த்தையையும் நான் சொல்லமாட்டேன், அது உங்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்றேன்.

"என் மேல போட்டுடுங்கக்கா," என்றாள் ராபியா. "நான் ஒழுங்கா அமுக்கி உடலன்னு சொல்லுங்க. பொம்பள சோம்பேறித்தனம் பண்ணிட்டான்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. உடனே நம்பிடுவாங்க."

அன்றைக்கு என்னிடம் சொன்ன பொய்யின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒத்திகை பார்த்திருக்கிறாள். நான் சாதுல்லாவைப் பார்த்தேன். அவர் வேண்டாமென்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

கஜபதி குறித்த நாள் வந்தது. காலையிலேயே லாயத்து ஆட்கள் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். துலுக்கானம் பிஜ்லிக்குச் சேணம் கட்டிக் கொண்டுவந்தார். கட்டைகளைத் தாழ்வாகத்தான் வைத்திருந்தார்கள். பழகினவன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற உயரம். ராபியா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

சாதுல்லா ஏறினார். ஏறுகிறபோது இடுப்பில் ஒரு குறையும் இல்லை. சேணத்தில் உட்கார்ந்த உடனே முழங்கால் இரண்டும் மேலே வந்துவிட்டன. பிஜ்லி காதைப் பின்னால் மடித்தது. நடக்கச் சொன்னால் ஓட்டமும் நடையுமாகப் போயிற்று. அவர் லகானை இழுக்க, அது தலையைத் தூக்க, முதல் கட்டைக்குப் பக்கத்தில் போனதும் இவரே திருப்பிக்கொண்டுவிட்டார். இன்னொரு சுற்று. மறுபடியும் திருப்பல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இன்னாம்மா இது?" என்று கஜபதி என்னிடம் வந்தார். "இத்தினி மாசமா இன்னா வைத்தியம் பண்ணே? மரக்கட்டை மாரி குந்திக்கினு கீறான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ராபியா வேலிக்குள் குனிந்து நுழைந்துவிட்டாள். அக்கா மேல் தப்பில்லை, அக்கா சொன்னதை நான்தான் தினமும் செய்யவில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். கஜபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். ஊடு குடுத்து, கரண்டு குடுத்து, ஆஸ்பத்திரிச் செலவு பார்த்து வைத்தால் கட்டின புருஷனுக்குக் காலைப் பிடித்துவிட வளையாதா உனக்கு என்றார். முதலாளி குதிரை, முதலாளி கோப்பை எல்லாம் உன் ஒருத்தியால் போகிறது என்றார். நல்ல குதிரைக்காரன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே, நீயெல்லாம் ஒரு பெண்டாட்டியா என்றும் கேட்டார். ராபியா கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என் கை வேலிக் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை கீறிவிட்டது.

பிஜ்லி மைதானத்தின் நடுவிலிருந்து எங்களை நோக்கி வந்தது. சாதுல்லா அதை கஜபதிக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார்," என்றார். "அவ கைல குத்தம் இல்ல. காலைலயும் சாயங்காலமும் ஒரு நாள் உடாம செஞ்சா. இடுப்புல ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயமா கீது சார். உழுந்ததுலேந்து பயமா கீது. கட்டைய பாத்தா உசிரு போவுது."

யாரும் சிரிக்கவில்லை. கஜபதி அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தன் சாதாரணக் குரலில், பெங்களூர் ஆளுக்கு இன்றைக்கே போன் போட்டுவிடுகிறேன், மாசக் கடைசியில் வந்துவிடுவான், அவனுக்கு வீடு வேண்டும் என்றார். சாதுல்லா சரி சார் என்றார். அவ்வளவுதான் பேச்சு. இத்தனை மாதமாக இரண்டு பேர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ரகசியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

அவர் இறங்கப் போகிறார் என்று நினைத்து ராபியா குதிரையின் பக்கத்தில் போனாள். பழக்க தோஷம், கை தானாகவே அவருடைய இடது தொடையில் போய் உட்கார்ந்தது. அத்தனை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததையே அவள் மறந்துவிட்டாள். கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இளகிக்கினு கீது."

நான் வேலிக்குள் குனிந்து போனேன். ராபியா கையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். இத்தனை மாதமாகத் தொடவிடாத மனிதரின் தொடையில் சென்னீர்குப்பமே பார்க்க நான் கை வைத்தேன். அவர் தடுக்கவில்லை. சதை சதையாக இருந்தது. முழங்கால் தானாகக் கீழே இறங்கி, கால் குதிரையின் விலாவை ஒட்டித் தொங்கியது. பிஜ்லி பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டது. அழுதுவிடுவேனோ என்று பயந்து, இறங்க வேண்டாம், சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள் என்று அதட்டினேன்.

நடந்தார். கட்டைகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து, லகானைத் தளரவிட்டுக்கொண்டு, ஒரு சுற்று, பிறகு கேட்காமலேயே இன்னொரு சுற்று. பிஜ்லி ஒரு இடத்திலும் ஓடவில்லை. ராபியா மைதானத்தின் நடுவிலேயே நின்றுகொண்டு, அவர் போகிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கஜபதி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப நீ இன்னா சொல்றே? ஆளு தேறிட்டானா, இல்லியா?" என்றார்.

"தேறிட்டாரு சார்," என்றேன். "இன்னிக்குத்தான்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பெங்களூர் ஆள் வருவது வருவதுதான், அதில் மாற்றம் இல்லை என்று என்னிடம் சொன்னார். பிறகு மைதானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய் துலுக்கானம், அந்தக் கட்டைங்களை எடுத்து ஓரமா போடு. அவன் பாட்டுக்கு நடக்கட்டும்."